வெள்ளைப் பல்சக்கரம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீங்கள் மூவரும் சௌக்கியம் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டாய். கீரமங்கலத்தில் நானும் உன் அம்மாவும் சௌக்கியம் என்பதை நானும் சொல்லிவிட்டேன். அதனால் இந்தக் கடிதம் நலம் விசாரிக்க அல்ல. ஒரு விஷயத்தைச் சொல்ல இந்த மாதத்தில் மூன்று முறை உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் அங்கே மழை உண்டா, மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் பேசியவனுக்கு மகளிடம் வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பாடத்தின் தலைப்பை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நான் பேச ஆரம்பிப்பேன் என்பது உனக்குத் தெரியும். இதிலும் அப்படியே செய்கிறேன். உன் சிவப்பு ரயில் எஞ்சினை நீ உடைக்கவில்லை. உன் பத்தாவது வயதில் அதைக் கெடுத்தது நான். நீதான் கெடுத்தாய் என்று இத்தனை வருடம் நீ நம்பும்படி விட்டதும் நான்தான்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பாய். அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது யாழினி பரணில் இருந்த அந்த ரயில் பெட்டியை எடுக்கச் சொன்னாள். நீ அடுப்படியிலிருந்தே, "அதை எடுக்காதடி. அம்மா சின்னப் புள்ளையில ஒடச்சது. எங் கை அப்படி, பட்டா எதுவும் ஓடாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். மறுநாள் காலை யாழினி கையிலிருந்து பால் டம்ளர் விழுந்தது. நான் துணியை எடுத்து வருவதற்குள் அவள் என்னிடம், "எங் கையும் அம்மா கை மாதிரிதான் தாத்தா" என்றாள். அழவில்லை, வருத்தமும் இல்லை. தன் பெயரைச் சொல்வது போல இயல்பாகச் சொன்னாள். அப்போதுதான் நான் செய்த காரியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது.

அந்த ரயில் வந்த விதம் உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒன்பது வயது, தம்பி மாறனுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் சேர்த்துக் காதணி விழா வைத்தோம். தம்பிக்கு வயது வரட்டும் என்று உன் காது குத்தைத் தள்ளித் தள்ளி வைத்ததும் உண்மை. உன் மாமா சிங்கப்பூரிலிருந்து நேரே மணமேல்குடிக்கு வந்து, அங்கிருந்து வேனில் சீர் கொண்டுவந்தார். பட்டுப் பாவாடை, தோடு, பழத்தட்டுகளுக்கு நடுவே இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள். சிவப்பு எஞ்சின் உனக்கு, பச்சை எஞ்சின் தம்பிக்கு. ஆளுக்கு மூன்று பெட்டிகள், வட்டமாகக் கோக்கும் தண்டவாளம். "ஆளுக்கு ஒண்ணு. சண்டை வரப்படாது, நாயம் கேட்டு நான் அங்கிருந்து வர முடியாது" என்று மாமா பந்தலில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

தம்பி அதை ஓட்டிய விதம் வேறு, நீ ஓட்டிய விதம் வேறு. அவன் பெட்டிகளில் புளியங்கொட்டை, கூழாங்கல், ஒரு நாள் ஓணான்கூட ஏற்றினான். நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பாய். ஓட்டி முடித்ததும் சக்கரத்தைத் துடைத்து, என் பழைய பனியன் துணியில் சுற்றி வைப்பாய். ஒரு வருடத்தில் பச்சை எஞ்சின் நின்றது. மோட்டார் உறுமும், வண்டி நகராது. கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தின் அச்சில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுப்பது அதுதான். அது விரிந்து, அச்சைப் பிடிக்காமல் சும்மா சுற்றியது. மாமா மறுபடி வர இரண்டு வருடம் ஆகும். இங்கே எந்தக் கடையிலும் அந்தச் சாமான் இல்லை.

நான் வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்தை நீ பார்த்திருக்கிறாய். ஐந்து நுண்ணோக்கிகள் இருந்தன, உதிரி பாகம் கேட்டு எழுதினால் பதில் வராது. ஆகவே ஐந்தில் ஒன்றை நானே ஒதுக்கி, அதன் கண்ணாடியையும் திருகையும் எடுத்து மற்ற நான்கையும் ஓட்டினேன். மின்விசிறியும் அப்படித்தான், இரண்டு கெட்டது சேர்ந்தால் ஒரு நல்லது. சாமான் கிடைக்காத ஊரில் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று பாராட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. தவறு அங்கே இல்லை. எதை ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் கை என்னுடையதாகவே இருந்து பழகிவிட்டது, அதில்தான் தவறு ஆரம்பித்தது.

அந்த வாரம் தம்பி மறுபடி இழுப்பு வந்து படுத்திருந்தான். ஒரு நாள் பகலில் நீயும் அம்மாவும் மணமேல்குடி போயிருந்தீர்கள். மூச்சுக்கு நடுவே, "வண்டி ஓடலப்பா, வண்டி ஓடலப்பா" என்று அனத்தினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போய், உன் பெட்டியைத் திறந்து பனியன் துணியைப் பிரித்தேன். உன் எஞ்சினின் நல்ல அச்சை எடுத்து அவனுடையதில் போட்டேன். அவனுடைய விரிந்ததை உன்னுடையதில் போட்டுத் திருகை முடுக்கினேன். நீ பத்திரமாக வைத்திருந்தாய். நல்ல சாமான் உன்னிடம் இருந்ததற்குக் காரணமே அதுதான்.

இதை எழுதும்போது ஒரு சமாதானம் வருகிறது: குழந்தைக்கு உடம்பு சரியில்லை, தகப்பன் மனம் பதறியது என்று. அது பொய்யும் இல்லை. அந்தப் பதற்றத்தோடு அன்று சாயங்காலமே உன்னிடம் சொல்லியிருந்தால் அது ஒரு சின்னக் கதையாக முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நீ வந்து, "அப்பா, என் வண்டி உறுமுது, நகர மாட்டேங்குது" என்றாய். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "கீழ போட்டியா?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு, "ஒருவாட்டி கட்டில்லேருந்து விழுந்துச்சுப்பா. தீவாளிக்கு முந்தி" என்றாய்.

நான், "அப்ப அதான்" என்றேன்.

தேனு, அந்த இரண்டு சொல்லைத்தான் நான் இப்போது திரும்ப எடுக்கப் பார்க்கிறேன். பொருளை உடைத்தவர் தானாக வந்து சொன்னால் தண்டனை கிடையாது என்பது என் ஆய்வகத்தின் விதி. எத்தனையோ பிள்ளைகள் உடைந்த சோதனைக் குழாயோடு வந்து நின்றிருக்கிறார்கள். தானாகச் சொல்லும் வாய் எவ்வளவு அருமையானது என்று அவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். என் வீட்டில் ஒரு குழந்தை நினைவைத் துழாவி, யாரும் பார்க்காத ஒரு சின்னத் தப்பை நேர்மையாக எடுத்து என் கையில் கொடுத்தது. நான் அதை என் தப்பை மூட எடுத்துக்கொண்டேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்று உண்டென்றால் இதுதான். யாழினி தானாக வந்து ஏதாவது சொன்னால், அந்தச் சொல்லை உன் வசதிக்கு எடுத்துக்கொள்ளாதே. கேட்டுக்கொள், அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

பிறகும் எனக்கு இரண்டு சந்தர்ப்பம் வந்தது. மாமா வந்து, "எங்கத்தா ரயிலு?" என்றபோது நீ தலையைக் குனிந்து, "ஒடச்சிட்டேன் மாமா" என்றாய். நான் பக்கத்தில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்காமல் வணிகவியல் கேட்டாய். உன் மதிப்பெண்ணுக்கு எதுவும் கிடைத்திருக்கும். ஏன் என்று கேட்டதற்கு, "லேப்ல எதையாச்சும் ஒடச்சிருவேன்ப்பா, ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றாய். அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். உன் வாழ்க்கை முழுவதையும் ஒரு பல்சக்கரம் திருப்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை வளர்வதற்கு எத்தனை காரணங்கள் என்று எனக்குத் தெரியும். வங்கியில் நீ நல்ல பெயர் எடுத்திருக்கிறாய், அந்தப் பிரிவும் நல்லதுதான். ஆனால் நீ தேர்ந்தெடுத்தபோது தராசில் ஒரு கல் கிடந்தது. அது நான் வைத்த கல்.

யாழினி அப்படிச் சொன்ன பிறகு, எஞ்சினைச் சரிபண்ணி உனக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். சொல்வது என்று அல்ல, சரிபண்ணுவது என்று மட்டும். அது ஓடினால் நீ சந்தோஷப்படுவாய், நானும் தப்பித்துக்கொள்வேன் என்பதுதான் கணக்கு. மதுரையில் ஒரு பொம்மைக் கடையில் கேட்டேன், சிரித்தார்கள். பொம்மை ரயில் பிரியர்கள் சென்னையில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள், அதில் சேர்ந்தேன். செய்த கம்பெனி அந்த ரகத்தை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதாம். எனக்குத் தெரிந்த பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் விரிந்த சக்கரத்தை அளந்து கணினியில் வரைந்து மூன்று முறை அச்சிட்டுக் கொடுத்தார். மூன்றும் அரை வட்டம் ஓடியதும் பல் மழுங்கிவிட்டன. கடைசியில் குழுவில் ஒருவர் எழுதினார்: "இதே ரகத்தில் இன்னொரு பழைய எஞ்சின் கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடுங்கள் ஐயா. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்." நன்றி என்று பதில் போட்டேன். அதே ரகத்தில் இன்னொரு எஞ்சின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? சாமான் கிடைக்கவில்லை என்று மூன்று மாதம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு அலைந்தேன். சாமான் பெங்களூரில் உன் தம்பி வீட்டு அலமாரியில் இருந்தது. அவனிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

அப்படி அலைந்ததில்தான் மீமிசலுக்குப் போனேன். அங்கே நைனா முகமது என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், படகுகளின் ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் பழுது பார்க்கிறார். உப்புக் காற்றில் போனதையே எழுப்பிவிடுவார் என்று சொன்னார்கள். கடைக்குள் நுழைந்து பையிலிருந்து எஞ்சினை எடுத்து வைத்ததும், காத்திருந்த மீனவர் ஒருவர், "ஏப்பா நைனா, என் ஜிபிஎஸ்ஸு ரெண்டு நாளாக் கெடக்கு. நீ இங்கிட்டு ரயிலு விடப் போறியா?" என்றார்.

"ஒன் ஜிபிஎஸ்ஸுல தண்ணிய ஊத்துனது நீயி. சார் வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் நைனா.

"நான் ஊத்தல, கடலு ஊத்துச்சு."

"அப்ப கடல்ட்ட போயி வாங்கிக்க."

பேசிக்கொண்டே எஞ்சினைத் திறந்துவிட்டார். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு தேய்ந்திருந்தது, மிக்சிக் கார்பன் ஒன்றை அரத்தில் ராவி அளவுக்குக் கொண்டுவந்து போட்டார். சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தது, அதற்கும் ஒரு வளையம் தேடி எடுத்தார். பிறகு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்தப் பல்சக்கரம் இந்த வண்டியோடது இல்லையே."

"எப்படிச் சொல்றீங்க?"

"பாருங்க. மத்ததெல்லாம் வெள்ளை. இது ஒண்ணு மட்டும் கறுப்பு. வேற வண்டியிலேருந்து வந்திருக்கு. வெரிஞ்சதைக் கொண்டாந்து யாரோ இதுல போட்டுருக்காங்க." பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு சார் இதைத் தொறந்தது?"

யாரோ என்று சொல்லியிருக்கலாம். பழைய வண்டி, எந்தக் கடைக்காரனோ என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். முழுவதையும் அவரிடம் சொன்னேன். அந்த மீனவரும் கேட்டுக்கொண்டிருந்தார். நைனா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "அப்ப மகன் வண்டியில வெள்ளை இருக்கும். சாமானை வீட்ல வச்சுக்கிட்டா சார் மதுரை வரைக்கும் போனீங்க?" என்றார். மீனவர்தான், "எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைக. கேளுங்க சார், மகன்ட்ட கேளுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "எந் தம்பி சபையில வச்ச சீரு அது. பொம்பளப் புள்ள சீருல ஒரு குண்டூசி எடுக்குறதா இருந்தாலும் அவளக் கேட்டுல்ல எடுக்கணும்" என்றாள். பிறகு, "கேட்டிருந்தா அவளே கழட்டிக் குடுத்திருப்பாளே. தம்பிக்குன்னா எதை இல்லேன்னா அவ?" என்றாள். அது இன்னும் குத்தியது. சரிபண்ணி அனுப்பிவிடலாம் என்று நான் இழுத்ததற்கு, "வண்டிய சரிபண்ணிட்டா? அவளுக்கு என்ன சொல்லுவீங்க, ஒடச்சதை அப்பா ஒட்டிட்டேன்னா? அதுக்கும் அவகிட்ட நன்றி வாங்கிக்கப் போறீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் மாறனுக்குப் போன் செய்தேன். பச்சை எஞ்சினைக் கேட்டேன். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தபோதே அவன், "தெரியும்ப்பா" என்றான்.

"என்னடா தெரியும்?"

"நீங்க கழட்டுறப்ப நான் முழிச்சுத்தானே படுத்திருந்தேன். 'அக்காட்ட சொல்லாதடா'ன்னு நீங்கதான் சொன்னீங்க."

அதைச் சொன்ன நினைவே எனக்கு இல்லை, தேனு. ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் அதைக் கட்டிவிட்டு நான் மறந்திருக்கிறேன். அவன் தொடர்ந்து, "அதுக்கப்பறம் நான் அந்த வண்டிய ஓட்டவே இல்லப்பா. கவனிச்சீங்களா?" என்றான். நான் கவனிக்கவில்லை. பையன் வளர்ந்துவிட்டான், ஆசை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். உன்னிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுத்தது ஒரு நாள்கூட அவனுக்கும் பயன்படவில்லை. "அக்காகிட்ட குடுக்கணும்னுதான் வீடு மாறுறப்பல்லாம் தூக்கிக்கிட்டே திரியிறேன். என்னன்னு சொல்லிக் குடுக்குறதுன்னு தெரியல" என்றான். நீங்கள் இருவரும் சின்ன வயதில் ஏன் ஒரு வருடம் அவ்வளவு ஒட்டாமல் இருந்தீர்கள் என்று அம்மா சில சமயம் கேட்பாள். அதற்கும் பதில் கிடைத்தது. அவன்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் என் பக்கம் திருப்பிவிடு. அவன் ஆறு வயதில் அப்பா சொல்லைக் கேட்டான், அவ்வளவுதான். இந்தக் கடிதம் போகிறது என்று அவனுக்குத் தெரியும். உன் போனை எதிர்பார்த்திருக்கிறான். அவனாகப் பேசப் பயப்படுகிறான்.

எஞ்சினை அவன் கூரியரில் அனுப்பினான். மறுபடி மீமிசல் போனேன். நைனா திறந்தார், உள்ளே கறுப்புகளுக்கு நடுவே உன் வெள்ளைச் சக்கரம். விரியவில்லை, பல் ஒன்றும் தேயவில்லை. ஸ்பிரிட்டில் கழுவித் துடைத்து, அச்சை விரலில் சுழற்றிக் காட்டினார். "போட்டுரவா சார்? ரெண்டு நிமிசம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அந்தச் சக்கரத்தின் அளவை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார், மகன் வண்டிக்கு உலோகத்தில் கடைந்து பார்க்கிறேன் என்று. மாறன், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருக்கிறான்.

ஆகவே, இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் தண்டவாளத்தோடு சிவப்பு எஞ்சின் பாதி திறந்த நிலையில் இருக்கும். பயப்படாதே, வழியில் உடைந்தது அல்ல. சின்ன டப்பாவில் வெள்ளைப் பல்சக்கரம் கோத்த அச்சும் இரண்டு திருகும் இருக்கும், ஒரு திருப்புளியும் வைத்திருக்கிறேன். வண்டியைக் குப்புறப் படுக்க வை. பின்பக்கம் அச்சில்லாத பள்ளம் தெரியும். அச்சை அதில் இறக்கிச் சக்கரத்தை விரலால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டு. பல்லும் பல்லும் பொருந்தும் இடத்தில் கையில் ஒரு சின்னத் தட்டு தட்டும், அதுதான் இடம். மேலே மூடியை வைத்து இரண்டு திருகையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கு. யாழினி பக்கத்தில் இருக்கட்டும். மாப்பிள்ளை உதவிக்கு வந்தால் தண்டவாளத்தைக் கோக்கச் சொல்.

என்மேல் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். அதைச் சீக்கிரம் ஆற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்து மன்னித்துவிடாதே. நான் அதைச் செய்தபோது எனக்கு உன் இப்போதைய வயதுதான் இருக்கும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். நீ எல்லாவற்றையும் சரியாகப் பொருத்திய பிறகும் வண்டி நகராமல் போகலாம். மோட்டாருக்கு வயதாகிவிட்டது, உள்ளே சுற்றியிருக்கும் கம்பியைப் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியாது என்று நைனா சொல்லியிருக்கிறார். அப்படி நகராவிட்டால், நீ எதைக் கீழே போட்டாய் என்று யோசிக்காதே. மோட்டார் பழசு, அதனால் ஓடவில்லை என்று யாழினியிடம் சொல்.

அப்பா